முதலில் மூச்சு... அப்புறம்தான் நீச்சல்!

மே மாதம் வந்துவிட்டால் தமிழ்நாட்டுக் கிணற்று மேடுகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இடுப்பில் கயிறும் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையோ பழைய பிளாஸ்டிக் கேனோ கட்டிக்கொண்டு படியில் நடுங்கியபடி நிற்பான். கயிற்றின் மறுமுனை மேலே நிற்கும் மாமாவின் கையில் இருக்கும். "குதிடா, ஒண்ணும் ஆகாது. கையைக் காலை அடி, நீச்சல் தானா வரும்" என்பார். பையன் தயங்குவான். ஒரு தள்ளு! 'தொப்'பென்று விழுந்தவன் நாலு மடக்குத் தண்ணீர் குடித்து, மூக்கில் ஏறி, கண் சிவந்து, இருமிக்கொண்டே படியைப் பிடிப்பான். மேலிருந்து மறுபடியும் அதே குரல் கேட்கும். "கையை அடிக்கச் சொன்னேன்ல?"

நகரத்து நீச்சல் குளத்தில் காட்சி கொஞ்சம் நாகரிகமாக இருக்கும், அவ்வளவுதான். கோடைப் பயிற்சி முகாமின் முதல் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடிப்பார்கள். இரண்டாம் நாள் கையில் பலகை வந்துவிடும். நாலாம் நாள் கை வீசச் சொல்லித் தருவார்கள். வேலிக்கு வெளியே நிற்கும் அப்பா, "இன்னைக்கு எத்தனை மீட்டர் போனே?" என்று கேட்பார். கழுத்து நரம்பு புடைக்கத் தலையைத் தூக்கிக்கொண்டு பத்து மீட்டர் போய் மூச்சிரைக்க நிற்கும் பிள்ளையைப் பார்த்து, "பரவாயில்லையே, நீச்சல் வந்திடுச்சே" என்று மகிழ்ந்து போவார்.

இந்த இரண்டு இடத்திலும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம் உண்டு. தண்ணீருக்குள் மூச்சை வெளியே விடுவது! நீச்சலின் முதல் பாடமாக இருக்க வேண்டிய அது, கடைசிப் பாடமாகக்கூட வருவதில்லை. நீச்சல் பழக வருபவர்களில் பலர் பாதியிலேயே ஓடிப்போவதற்கும், 'நீச்சல் தெரியும்' என்று நம்பப்பட்ட பிள்ளைகள் ஆழத்தில் தடுமாறுவதற்கும் இந்தத் தலைகீழ் வரிசை ஒரு முக்கியக் காரணம்.

கை காலில் இல்லை சிக்கல்

நீச்சல் தெரியாதவரிடம் என்ன பயம் என்று கேட்டால், "மூழ்கிடுவேன்" என்பார். உண்மையில் மனித உடல் அவ்வளவு சுலபமாக மூழ்கிவிடும் பொருள் அல்ல. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலானவர்களின் உடல் தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசானது. ஒல்லியாகவும் தசை இறுகியும் இருக்கும் சிலர் மட்டும் காற்று நிறைந்த நிலையிலும் மெல்லக் கீழே போவார்கள். கடல் நீரின் அடர்த்தி அதிகம் என்பதால் அங்கே மிதப்பது இன்னும் எளிது.

அப்படியானால் மிதக்கிற உடல் ஏன் மூழ்குகிறது? மிதக்கும் உடலில் தண்ணீருக்கு மேலே இருக்கக்கூடிய பகுதி மிகவும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் நாலைந்து கிலோ எடையுள்ள தலை முழுவதையும் வெளியே வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில்தான் வம்பே ஆரம்பிக்கிறது. தலை மேலே போனால் ஏற்றம் போல இடுப்பும் காலும் கீழே போகும். கீழே போன காலை மேலே கொண்டுவர வெறித்தனமாக உதைக்க வேண்டும். உதைத்தால் களைப்பு, களைத்தால் மூச்சிரைப்பு. மூச்சிரைத்தால் தலையை இன்னும் மேலே தூக்கத் தோன்றும். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கப் பயப்படுகிறவர் நாள் முழுக்கச் சுற்றுவது இந்த வட்டத்துக்குள்தான்.

மூச்சு முட்டுவது எதனால்?

மூச்சு முட்டினால் உடம்பில் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்றுதான் பொதுவாக நினைப்பார்கள். அது முழு உண்மையல்ல. உள்ளே இழுக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் பிராணவாயு இருக்கிறது. வெளியே விடும் காற்றிலும் 16 சதவீதம் அளவுக்கு மிச்சம் இருக்கிறது. ஒரு மூச்சில் உடம்பு எடுத்துக்கொள்வது அதில் சிறு பங்குதான்.

கரியமில வாயுவின் கணக்கு வேறு. உள்ளே போகும் காற்றில் 0.04 சதவீதம் இருக்கும் அது, வெளியே வரும் காற்றில் 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு! இரத்தத்தில் அதன் அளவு சற்றுக் கூடினாலே மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் விழித்துக்கொள்கிறது. 'மூச்சு விடு, உடனே விடு' என்று விரட்டுகிறது. தவிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் இந்தக் கரியமில வாயுதான்.

இப்போது புதிதாகப் பழகுபவரைப் பார்க்கலாம். கரையில் நின்று பெரிதாக மூச்சை இழுத்து, 'தம்' கட்டிக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைக்கிறார். கையைக் காலை அடிக்கிறார். கரியமில வாயு ஏறுகிறது. நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் மூச்சு முட்டுகிறது. தலையைத் தூக்குகிறார். வாய் தண்ணீருக்கு மேலே இருப்பதோ அரை வினாடி. அதற்குள் பழைய காற்றை வெளியே தள்ளி, புதிய காற்றை உள்ளே இழுக்க வேண்டும். நடக்கிற காரியமா? குடம் நிறையப் பழைய தண்ணீரை வைத்துக்கொண்டு புதுத் தண்ணீர் பிடிக்க முடியுமா? அரைகுறையாகக் காற்றும் கூடவே தண்ணீரும் உள்ளே போகின்றன. புரை ஏறுகிறது. அடுத்த முறை இன்னும் கெட்டியாகத் தம் கட்டுகிறார். அவஸ்தை இன்னும் அதிகமாகிறது. பத்து நிமிடத்தில், "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்று கரையேறிவிடுகிறார்.

அவருக்கு ஸ்டாமினா போதவில்லை என்று பயிற்சியாளர் நினைப்பார், பயந்தாங்கொள்ளி என்று நண்பர்கள் சிரிப்பார்கள். உண்மையில் அவர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். முகம் தண்ணீருக்குள் இருந்தபோது மூச்சை விடவில்லை.

தரையில் ஒரு விதி, தண்ணீரில் ஒரு விதி

இது அவருடைய முட்டாள்தனம் அல்ல. தரையில் ஓய்வாக இருக்கும்போது மூச்சை உள்ளே இழுப்பதுதான் வேலை. வெளியே விடுவதற்கு ஒரு முயற்சியும் தேவையில்லை. விரிந்த மார்பு தானாகச் சுருங்கும், காற்று தானாக வெளியேறும். பிறந்த நாள் முதல் உடம்பு பழகிய வழக்கம் இது.

தண்ணீருக்குள் இந்த விதி மாறுகிறது. அங்கே வெளியே விடுவதுதான் தெரிந்தே செய்ய வேண்டிய வேலை. அதை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டால், வாய் வெளியே வரும்போது காற்று தானாக உள்ளே பாயும். போதாக்குறைக்கு, கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும்போதே நீரின் அழுத்தம் மார்பை லேசாக அமுக்கும். புதியவர்களுக்கு நின்ற இடத்திலேயே மூச்சு வாங்குவது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வாழ்நாள் வழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும்போது, அதற்கென்று நேரம் ஒதுக்காமல் கை வீசக் கற்றுக்கொடுத்தால் எப்படி வரும்?

பிராணாயாமம் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மூச்சை இழுப்பது பூரகம், நிறுத்துவது கும்பகம், விடுவது ரேசகம். திருமூலர் திருமந்திரத்தில் சொல்லும் கணக்கில் பூரகத்துக்கு 16 மாத்திரை, ரேசகத்துக்கு 32 மாத்திரை. இழுப்பதைப் போல இரண்டு மடங்கு நேரம் விடுவதற்கு! நீச்சல்காரருக்கும் இதே பாடம்தான். சட்டென்று இழுக்க வேண்டும், நிதானமாக விட வேண்டும். ஆனால் நடுவில் வரும் 64 மாத்திரைக் கும்பகத்தை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மூழ்குகிறவர் ஏன் கத்துவதில்லை?

சினிமாவில் ஆற்றில் விழுந்தவர் கையை ஆட்டி, "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்துவார். நிஜத்தில் மூழ்குகிறவர் அநேகமாகச் சத்தமே போடுவதில்லை. பக்கத்தில் பத்துப் பேர் குளித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை போய்விடுகிறது, யாருக்கும் தெரிவதில்லை.

அமெரிக்காவில் கடற்கரை உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர் நீச்சல் தெரியாதவர்கள் மூழ்கும் காட்சிகளைப் படமெடுத்து ஆராய்ந்து, 1970-களில் இதற்கு விளக்கம் தந்தார். மூழ்குகிறவரின் வாய் தண்ணீருக்கு மேலேயும் கீழேயும் மாறி மாறிப் போகிறது. மேலே வரும் நேரம், மூச்சை வெளியே விட்டு, உள்ளே இழுத்து, உதவிக்கும் கத்துவதற்குப் போதுமானதாக இல்லை. பேச்சு என்பது மூச்சுக்குப் பிறகுதானே? மூச்சுக்கே நேரமில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் 20 முதல் 60 வினாடிக்குள் இந்தப் போராட்டம் முடிந்துவிடும் என்றும் அவர் சொன்னார்.

குளத்தில் பழகும்போது புதியவருக்குப் புரை ஏறியதும் இதே காரணத்தால்தான். விடவும் இழுக்கவும் சேர்த்துக் கிடைத்த அரை வினாடி போதவில்லை. ஒன்று பயிற்சியில் நடக்கும் சின்ன அவஸ்தை, மற்றது உயிர் போகும் விபத்து. இரண்டிலும் முதலில் அறுந்துபோவது மூச்சின் தாளம்தான்.

கையைக் கட்டிப்போட்டு ஒரு பாடம்

மூச்சு வசப்பட்டால் கை கால் இல்லாமலேயே மிதக்கலாம் என்பதைக் காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா டெக் கல்லூரியில் நீச்சல் பயிற்சியாளராக இருந்த ஃபிரெட் லனூ. 1940-இல் அவர் அங்கே ஒரு புதுப் பாடத்தைத் தொடங்கினார். தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி வைத்திருக்கப் போராடாதே, முகத்தைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு நெஞ்சில் காற்றோடு தளர்வாக மித, மூச்சு தேவைப்படும்போது உள்ளேயே காற்றை விட்டபடி வாயை மட்டும் மேலே கொண்டுவந்து இழுத்துக்கொள், மறுபடியும் முகத்தைப் போட்டு ஓய்வெடு. இவ்வளவுதான் அவருடைய முறை.

அந்தப் பாடத்தின் தேர்வில் மாணவர்களின் கைகளையும் கால்களையும் கட்டித் தண்ணீரில் விடுவார்கள். அவர்கள் நிதானமாக மூச்சு வாங்கி மிதந்துகொண்டிருப்பார்கள்! பல பத்தாண்டுகள் அந்தக் கல்லூரியில் பட்டம் வாங்க இது கட்டாயமாக இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் சூழ்ந்து நிற்க நடந்த தேர்வு அது, வேறு யாரும் விளையாட்டாகக்கூடச் செய்து பார்க்கக் கூடாது. குளிர்ந்த நீரில் தலையை நனைத்தபடி மிதந்தால் உடல் சூடு சீக்கிரம் போய்விடும் என்பதால் அந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தமும் சொன்னார்கள். ஆனால் அதன் அடிப்படை மாறவில்லை. உயிரைப் பிடித்து வைப்பது மூச்சு. கை காலின் வேலை அந்த உயிரைக் கரைக்குக் கொண்டு சேர்ப்பது.

எப்படிப் பழகலாம்?

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பொறுமையும், பக்கத்தில் நீச்சல் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும்.

முதல் படி வீட்டிலேயே தொடங்கலாம். வாயகன்ற ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, வாயால் மூச்சை இழுத்து, வாயும் மூக்கும் நனையும்படி முகத்தை வைத்து, மூக்கு வழியாக 'ம்ம்ம்...' என்று முனகியபடி விட வேண்டும். முனகும்போது மூக்கிலிருந்து காற்று வெளியே வந்துகொண்டே இருக்கும். காற்று வெளியே வரும் வழியில் தண்ணீர் உள்ளே ஏறாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் தானாகப் போய்விடும். (கைக்குழந்தைகளும் தவழும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் பயிற்சி முடிந்த உடனே தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீர்கூட அவர்களுக்கு ஆபத்துதான்.)

இரண்டாம் படி இடுப்பளவுத் தண்ணீரில். சுவரையோ கம்பியையோ பிடித்துக்கொண்டு, வாயால் ஒரு மூச்சு இழுத்து, உட்காருவது போல முங்கி, குமிழி விட்டபடி 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று மனதுக்குள் எண்ணி, எழுந்து, நிற்காமல் மறுபடியும் இழுத்து முங்க வேண்டும். முதலில் ஐந்து முறை, பிறகு பத்து, பிறகு இருபது. இங்கே கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. புதியவர் ஒவ்வொரு முறை எழும்போதும் இரண்டு கையாலும் முகத்தை வழித்துத் துடைப்பார். என்றைக்கு முகத்தைத் துடைக்காமல் இருபது முறை முங்கி எழுகிறாரோ, அன்றைக்கு அவருக்குப் பாதி நீச்சல் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி ஒரு சோதனை. நெஞ்சு நிறையக் காற்றோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் போட்டால், முதுகு தானாக மேலே வந்து பந்து போல மிதக்கும். அதே நிலையில் காற்றை மெல்ல விட்டால் உடல் மெல்லக் கீழே இறங்கும். தன் நுரையீரல்தான் தன்னுடைய சுரைக்குடுக்கை என்பது அந்த நொடியில் விளங்கிவிடும். ஆயிரம் முறை வாயால் சொல்லிக்கொடுப்பதைவிட இந்த ஒரு அனுபவம் பயத்தைப் போக்கும்.

நான்காம் படி மல்லாந்து மிதப்பது. காது தண்ணீருக்குள், முகவாய் சற்று மேலே, பார்வை வானத்தில். வாயும் மூக்கும் எப்போதும் வெளியே இருப்பதால், களைத்துப்போனவருக்கு இதைவிட நல்ல ஓய்வு தண்ணீரில் கிடையாது.

இதற்குப் பிறகுதான் பக்கவாட்டில் மூச்சு வாங்கும் பாடம். ஒரு கையை நீட்டிச் சுவரைப் பிடித்து, காலடித்தபடி, முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை விட்டு, உடம்போடு சேர்த்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது, திருப்ப வேண்டும்! ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம். முன்னேறிப் போகும்போது தலையை ஒட்டித் தண்ணீரில் ஒரு பள்ளம் உண்டாகும். நீர்மட்டத்துக்கும் சற்றுக் கீழேயுள்ள அந்தப் பள்ளத்தில் காற்று காத்திருக்கும். நல்ல நீச்சல்காரர்கள் தலையை அசைத்ததே தெரியாமல் மூச்சு வாங்குவதன் ரகசியம் இதுதான்.

இத்தனையும் பழகிய பிறகு கை வீசச் சொல்லிக்கொடுத்தால், அது மளமளவென்று வரும். ஆஸ்துமா, வலிப்பு போன்ற தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

"எங்க காலத்துல..."

இதற்கு ஊர்ப் பெரியவர்களின் பதில் தயாராக இருக்கும். "எங்களை எல்லாம் கிணத்துல தூக்கித்தான் போட்டாங்க. நாங்க கத்துக்கலையா?"

கற்றுக்கொண்டார்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. கற்றுக்கொண்டவர்கள்தான் இன்று திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அன்றைக்குப் பயந்து வீட்டுக்கு ஓடிப்போய், அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கமே வராதவர்கள் இதைச் சொல்ல வருவதில்லை. திரும்பி வராதவர்கள் சொல்லவே முடியாது. தேறியவர்களை மட்டும் எண்ணினால் எந்த முறையும் நூற்றுக்கு நூறு வெற்றிதான்!

நாற்பது வயதில் தயங்கித் தயங்கி நீச்சல் குளத்துக்கு வருகிறவர்களைக் கேட்டால் தெரியும். "சின்ன வயசுல ஒரு தடவை தள்ளி விட்டுட்டாங்க, அதுலேருந்து பயம்" என்பார்கள். பெண்களில் பலருக்கு அந்தத் தள்ளிவிடுதல்கூட நடந்திருக்காது. படித்துறையோடு சரி. இவர்களுக்கெல்லாம் முதல் நாளே காலடிக்கக் கற்றுக்கொடுப்பது பயத்தின் மேல் இன்னொரு பயத்தை அடுக்குவதுதான். அதே நபர் அரை மணி நேரம் நின்ற இடத்தில் குமிழி விட்டுப் பழகினால், முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்து போவதைப் பார்க்கலாம்.

பயிற்சி முகாம்காரர்கள் வேறொரு நியாயம் சொல்வார்கள். "மொத்தமே பன்னிரண்டு நாள்தான். முதல் நாலு நாள் முங்கி எழறதுலயே போச்சுன்னா, காசு கட்டின பெற்றோர் சும்மா இருப்பாங்களா?" நியாயமான கவலைதான். அதனால்தான் பாதிக் குற்றம் வேலிக்கு வெளியே நிற்பவர்கள் மேல் இருக்கிறது. எத்தனை மீட்டர் என்று அவர்கள் கேட்கும்வரை, மீட்டர்தான் கற்றுக்கொடுக்கப்படும்.

தம் கட்டும் போட்டி வேண்டாம்

மூச்சுப் பயிற்சி என்றதும் பையன்கள் உடனே தொடங்குவது ஒரு போட்டியைத்தான். 'யார் அதிக நேரம் முங்கி இருக்கிறது?' மூச்சுப் பழக்கத்துக்கு நேர் எதிரானது இது. ஆபத்தானதும்கூட.

அதிக நேரம் தம் கட்டுவதற்காகச் சிலர் முங்குவதற்கு முன் வேக வேகமாகப் பல முறை மூச்சை இழுத்து விடுவார்கள். இதனால் உடம்பில் பிராணவாயு பெரிதாகக் கூடிவிடுவதில்லை. கரியமில வாயு மட்டும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதாவது, 'மூச்சு விடு' என்று எச்சரிக்கும் மணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள். பிராணவாயு உண்மையிலேயே தீரும்போது எச்சரிக்கை வருவதில்லை, நேராக மயக்கம்தான் வருகிறது. ஆல்பர்ட் கிரெய்க் என்ற அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் 1961-லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி ஆழமில்லாத குளத்திலும் இறந்திருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. மேலே நிற்பவர்கள், 'பையன் என்னமா தம் கட்டுறான்' என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தூத்துக்குடியின் முத்துக்குளிப்பவர்களும் சங்குக்குளிப்பவர்களும் மூச்சடக்கவில்லையா என்று கேட்கலாம். அவர்களுக்கு அது பிழைப்பு, சிறு வயது முதல் பழகிய தொழில். அவர்கள்கூடத் தனியாக இறங்கவில்லை. முத்துக்குளிப்பவரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் ஒருவர் கண் இமைக்காமல் நிற்பார். கயிறு அசைந்தால் மேலே தூக்குவார். தென் கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலில் இறங்கும் ஹேன்யோ பெண்களின் மரபை 2016-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அவர்கள் மேலே வந்ததும் விசில் அடிப்பது போல ஒரு ஒலியோடு மூச்சை வெளியே விடுவார்கள். 'சும்பிசோரி' என்று அதற்குப் பெயர். மூச்சடக்குவதிலேயே வாழ்க்கையை ஓட்டுகிறவர்களின் அடையாளம்கூட மூச்சை விடும் ஓசைதான்!

கேள்வியை மாற்ற வேண்டும்

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் மரணத்துக்கு மூன்றாவது பெரிய காரணம் இதுதான். இந்தியாவில் ஆண்டுதோறும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போகிறார்கள். கோடை விடுமுறையில் ஏரி, கல்குவாரிக் குட்டை, காவிரி மணல் பள்ளம் என்று செய்தித்தாளின் மூலையில் வரும் பெயர்களின் கூட்டுத்தொகை அது.

பக்கத்து நாடான வங்கதேசத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கிராமத்துக் குளங்களிலேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, 'சுவிம்சேஃப்' என்ற திட்டத்தில் பிள்ளைகளுக்கு உயிர்காக்கும் நீச்சலைக் கற்றுக்கொடுத்தார்கள். 25 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும், 30 வினாடி மிதக்கத் தெரிய வேண்டும். அப்படிக் கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. பளிங்குக் குளமோ பெரிய கட்டணமோ அதற்குத் தேவைப்படவில்லை. தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு குளமும் கிணறும் இருக்கின்றன, கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வரிசையை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

மூச்சு வந்துவிட்டால் எல்லா ஆபத்தும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆற்றின் இழுப்பு வேறு, சேறு வேறு, கடலலை வேறு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழிக்கு இன்றும் வேலை இருக்கிறது. கிணற்றில் பழகிய துணிச்சலோடு ஆற்றில் இறங்கக் கூடாது. ஒருவர் மூழ்கினால் பழக்கமில்லாதவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறு, வேட்டி, சேலை, மூடிய காலி கேன் என்று கைக்குக் கிடைத்ததை வீச வேண்டும். மேலே தூக்கியவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் பொன்னான நேரத்தை வீணாக்கும். மூச்சு நின்றிருந்தால் அவருக்கு முதலில் தேவை வாயோடு வாய் வைத்துத் தரும் மூச்சுதான். கூடவே மார்பு அழுத்தம், 108-க்கு அழைப்பு. கற்கும்போது மட்டுமல்ல, காப்பாற்றும்போதும் மூச்சுதான் முதலில் வருகிறது!

எனவே இந்தக் கோடையில் வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர், "எத்தனை மீட்டர்?" என்ற கேள்வியை ஓரமாக வைக்கலாம். "முகத்தைத் துடைக்காம எத்தனை தடவை முங்கி எந்திரிச்சே?" என்று கேட்கலாம். "நடுக்குளத்துல களைச்சுப் போனா ஒரு நிமிஷம் நிம்மதியா மூச்சு வாங்கத் தெரியுமா?" என்று கேட்கலாம். தெரியும் என்றால் பிள்ளைக்கு நீச்சல் வந்துகொண்டிருக்கிறது. தெரியாது என்றால் அவன் ஐம்பது மீட்டர் போனாலும் இன்னும் பழகுகிறவன்தான்.

கிணற்று மேட்டில் நிற்கும் மாமாக்களும் ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதும். தள்ளிவிடாமல், தானும் படியில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்ல வேண்டும்.

"கையைக் காலை அடிக்கிறது அப்புறம் இருக்கட்டும்டா. முதல்ல தண்ணிக்குள்ள மூச்சை விடு!"